தங்கைக்குச் சீஸ் பழக்கிய கதை

நம் வகுப்பு வாட்சாப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "நம்மில் முதன்முதலில் வெளிநாடு போனது யார்?" அரை மணி நேரத்தில் பதினேழு பேர் என் பெயரைப் போட்டுவிட்டீர்கள். ஒருத்தி "ஹாலந்து மகாராணி" என்று கைதட்டும் பொம்மை வேறு அனுப்பினாள். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிற வயது நமக்கு. இது மட்டும் எப்படி இத்தனை பேருக்கு மறக்காமல் இருக்கிறதோ!

நினைவிருக்கத்தான் செய்யும். ஆறாம் வகுப்பு தொடங்கிய முதல் நாள் ஆசிரியை என்னைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, "ஹாலந்துல என்னென்ன பாத்த, சொல்லு" என்றார். காற்றாலை, டூலிப் பூ, மரக்கட்டைச் செருப்பு என்று அளந்துவிட்டேன். நான் போனது டிசம்பரில். டூலிப் பூவை பிஸ்கட் டின் மூடியில்தான் பார்த்தேன். காற்றாலை ஒன்றைக் காரில் போகும்போது தூரத்தில் பார்த்தேன், அது சுற்றக்கூட இல்லை. நீங்கள் கை தட்டினீர்கள். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "உன் தங்கச்சி எங்க?" என்று கேட்டாள். "அங்க படிக்கிறா. லீவுக்கு வருவா" என்றேன். டூலிப் பொய்யை யாரும் பொருட்படுத்த வேண்டாம். இந்த இரண்டாவது பொய்யைத்தான் இன்றைக்குத் திருத்தலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் போட முடியாத நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஜொகூரில், கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. அம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. அந்தப் பெரியம்மா தாதி வேலை படிக்க இங்கிலாந்து போனவர். அங்கே கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு வேலை மாறியதும் ஹாலந்துக்குப் போய்விட்டார். ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பெரியம்மாவின் கடிதம் வருகிற நாளில் அம்மா என் தங்கைக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டே இருப்பாள், ஏற்கெனவே சீவிய தலையை.

அந்த வருடக் கடைசி விடுமுறைக்குப் பெரியப்பா எங்களை வரச்சொல்லி எழுதினார். அம்மா, பதினொரு வயது நான், ஐந்து வயதுத் தங்கை. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். சிங்கப்பூர் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்தவர் இறக்கவே இல்லை. அம்மா இரண்டு முறை "விடுங்க, நேரமாச்சு" என்றாள். தங்கை தலையில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னைத் தூக்கவில்லை, நான் பெரியவள். எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

விமானத்தில் அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"தங்கச்சிய அங்க சாப்பிட வைக்கிறது உன் பொறுப்பு. அவ உன்னப் பாத்துத்தான் எதையும் செய்வா. பெரியம்மா வைக்கிறத மூஞ்சி சுளிக்காம சாப்பிடணும், தெரியுதா?"

உங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், என் தங்கை சாப்பாட்டில் எவ்வளவு பிடிவாதக்காரி என்று. மோர்ச் சோறு, பொரித்த நெத்திலி. மூன்றாவது பொருள் தட்டில் இருந்தால் தட்டையே தள்ளிவிடுவாள். ஆனால் நான் செய்வதை எல்லாம் செய்வாள். நான் ஒற்றைச் சடை போட்டால் அவளுக்கும் ஒற்றைச் சடை, நான் இருமினால் அவளுக்கும் இருமல். ஒரு பெரிய வேலையை நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்பார்களே, அந்த நிலை.

பெரியம்மா வீடு குறுகலாக, உயரமாக, பக்கத்து வீடுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் ஈரக் கம்பளி வாசமும் கோப்பி வாசமும். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. ஜன்னல்களுக்குத் திரை இருந்தும் யாரும் இழுத்து மூடுவதில்லை. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஆட்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தெரியும். கழிவறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் கிழமையே இல்லை, சொந்தக்காரர்களின் பிறந்த நாள் மட்டும் எழுதியிருந்தது. "ஏன் பெரியம்மா இங்க மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன். "தினமும் எல்லாரும் வந்து உக்காந்து பாக்குற இடம் இதுதானேடி. இந்த ஊருல எல்லா வீட்டுலயும் இங்கதான் இருக்கும்" என்றார். மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். தங்கை முதல் நாள் நான்கரைக்குப் படுக்கைக்குப் போய்விட்டாள்.

காலையும் ரொட்டி, மத்தியானமும் ரொட்டி, அதுவும் ஆறிய ரொட்டி. அம்மா என் காதில், "அக்கா சமைக்க மறந்துட்டாங்களா?" என்றாள். ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சாக்லேட் துருவலைக் கொட்டிச் சாப்பிடுவார்கள், பெரியவர்களும்கூட. அது என் முதல் வெற்றி. சாக்லேட்டுக்குத் தங்கை எதிர்ப்பே காட்டவில்லை. மூக்கின் நுனியெல்லாம் துருவல் ஒட்டியிருந்தது. அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். நான் ஒரு துண்டு கூடுதலாகத் தின்றேன்.

அடுத்தது மீன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. பச்சை மீனை முள் எடுத்து, நறுக்கிய வெங்காயத்தில் புரட்டிக் கொடுப்பார்கள். வாலைப் பிடித்து, தலையை அண்ணாந்து, மேலிருந்து வாய்க்குள் இறக்க வேண்டும். பெரியப்பா செய்து காட்டினார். அம்மா, "ஐயோ, பச்சையாவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் என் முதுகில் அவள் விரல் ஒன்று குத்தியது. நான் அண்ணாந்தேன். குளிர்ந்து, வழுவழுவென்று, வெங்காயக் காரத்தோடு உள்ளே போனது. கண்ணில் நீர் முட்டியது. "ம்ம்ம், சூப்பர் லா!" என்றேன். தங்கை வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பாதி மீனை நானே அவள் வாயில் இறக்கினேன்.

இப்படியே ஒவ்வொன்றாக. கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கிற பட்டாணி சூப். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்து மேலே சாசேஜ் வைத்த ஒரு குவியல். கறுப்பாக, உப்பாக இருக்கும் ஒரு மிட்டாய். அதை முதல் நாள் தங்கை பெரியப்பா கோட்டின் மேலேயே துப்பினாள், மூன்றாம் நாள் அவர் பையில் கையை விட்டு அவளாகவே எடுத்தாள். அம்மா எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் ஒப்பித்தாள். "இன்னைக்கு சூப்பு குடிச்சிட்டா, அக்கா." "இன்னைக்கு மிட்டாயும் பழகிட்டா." பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்ற பெருமை என்றுதான் நினைத்தேன். காட்டு யானையைப் பழக்க கும்கி யானையை அனுப்புவார்கள், தெரியுமல்லவா? கும்கிக்கு விஷயம் தெரியாது. கரும்பு கொடுத்தால் நடக்கும்.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். ஜாவாவில் பிறந்து வளர்ந்த டச்சுக்காரர். தோல் நம் நிறத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில். முதல் முறை அவர் வீட்டுக்குக் கோப்பிக்குப் போனபோது ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லி, டப்பென்று மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அம்மாவுக்கு அதிர்ச்சி. வெளியே வந்ததும், "ஒரே ஒரு பிஸ்கட்டா! நம்ம தோட்டத்து லயத்துல கூடத் தட்டோட வைப்பாங்களே" என்று பெரியம்மாவிடம் பொருமினாள். பெரியம்மா சிரித்து, "இங்க அதுதான் மரியாதை. ரெண்டு எடுத்தாதான் தப்பாப் பேசுவாங்க" என்றார்.

எனக்கும் அந்த அம்மாளுக்கும் வேறு ஒரு கணக்கு. அவருக்கு மலாய் தெரியும்! பழைய காலத்து மலாய், ஜாவா வாடை அடிக்கும், ஆனால் புரியும். பெரியம்மா நாட்டைவிட்டுப் போய் வெகுகாலம், மலாய் பாதி மறந்துவிட்டது. அம்மாவுக்குப் பாசார் மலாய், சந்தையில் மீன் விலை கேட்கிற அளவு. தோட்டத்து டிரைவர் பிள்ளைகளோடு விளையாடிய எனக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கும் பேச ஆள் இல்லை. இரண்டாவது நாளே டின்னை மூடாமல் விட்டார். மெல்லிய அடுக்கு அடுக்காக ஒரு கேக் செய்து வைத்திருந்தார். நம் ஊரில் ஹரி ராயாப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீடுகளில் கொடுப்பார்களே, கேக் லாப்பிஸ், அதேதான். பூமியின் மறுகோடியில், பனி கொட்டுகிற ஊரில், ஹரி ராயா கேக்கைத் தின்றுகொண்டு மலாயில் அரட்டை அடித்தேன். அந்த மூன்று வாரத்தில் எனக்கு அங்கே உண்மையாகப் பிடித்த இடம் அந்த வீடுதான்.

டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி ஒரு தாடிக்காரர் வருவார், வெள்ளைக் குதிரையில். பிள்ளைகள் முதல் நாள் இரவு தங்கள் காலில் போடும் சப்பாத்தை அடுப்புப் பக்கம் வைத்து, அதில் குதிரைக்கு ஒரு காரட் போட வேண்டும். காலையில் காரட் போய் மிட்டாய் இருக்கும். எங்கள் இருவருக்கும் எங்கள் பெயரின் முதல் எழுத்து சாக்லேட்டில் வார்த்தது கிடைத்தது. இதோடு ஒரு பூச்சாண்டிக் கதையும் உண்டு. சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டு ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். பெரியப்பா விளையாட்டாகச் சொன்னதற்குத் தங்கை நடுங்கிவிட்டாள். சாக்லேட்டைத் தொடவே மறுத்தாள்.

"என்னையும் சாக்குல போடுவாங்களா, அக்கா?"

"அக்கா இருக்கேன்ல? உன்னை யாரும் எங்கயும் கொண்டு போக முடியாது" என்றேன்.

கடைசியாகப் பாக்கி இருந்தது சீஸ். அந்த ஊரில் சீஸ் தின்னாதவன் பட்டினிதான் கிடக்க வேண்டும். தங்கைக்கோ அதன் வாசனையே குமட்டியது. அம்மா நாளுக்கு இரண்டு தடவை கேட்டாள்: "இன்னும் பழக்கலையா நீ?" பெரியம்மாவின் முகமும் சீஸைப் பார்க்கும்போதெல்லாம் வாடியது. பக்கத்து வீட்டு அம்மாளின் அலமாரியில் மிளகாய்ச் சம்பால் பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். டச்சு எழுத்து, ஆனால் சம்பால் என்றே போட்டிருந்தது. கொஞ்சம் இனிப்புத் தூக்கல். வாங்கிவந்து, சீஸை நெத்திலி அளவுக்கு நீளநீளமாக வெட்டி, சம்பாலில் தோய்த்து, "இது ஹாலந்து நெத்திலி" என்றேன். நான் ஒன்று, அவள் ஒன்று. ஆறு துண்டு தின்றாள். ஏழாவதுக்குக் கை நீட்டினாள்.

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அம்மா என் தலையைத் தடவி, "இனிமே பயமில்ல" என்றாள். ஒரு துண்டு சீஸுக்கு இத்தனை உபசாரமா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஊர் திரும்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். தங்கை சீஸ் தின்ற கதையைச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் மலாயில் சொன்னார்: "நல்லது, நல்லது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அதுதான் கொடுப்பார்கள். கவலைப்படாதே, நீ போன பிறகு உன் தங்கையை நான்தான் தினமும் பள்ளிக்கு அழைத்துப்போவேன். உன் பெரியம்மாவுக்குக் காலையில் ஆஸ்பத்திரி வேலை அல்லவா?"

நான் திருப்பிக் கேட்டேன், மலாயில். தங்கை இங்கேயா இருப்பாள்? எத்தனை நாள்? அவர் கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பழம் கருகியது. "உன் அம்மாவைக் கேள்" என்று மட்டும் சொன்னார். பெரியவர்கள் ரகசியத்தை ஆங்கிலத்திலும் டச்சிலும் பேசிப் பேசிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த ஊரில் மலாய் வழியாக அது கசியும் என்று யாருக்குத் தோன்றும்?

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறுக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"அவ என் வயித்துல இருக்கும்போதே பெரியம்மாவுக்கு வாக்கு குடுத்தாச்சு. பெரியம்மாவுக்கு மூணு தடவ கலைஞ்சிடுச்சு, உனக்குத் தெரியாது. அக்கா தங்கச்சிக்குள்ள இது ஒண்ணும் புதுசு இல்ல. யாரோ ஊரு பேரு தெரியாதவங்களுக்கா குடுக்குறோம்?"

"அவளக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்னடி தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அவகிட்ட மட்டும் வாயத் திறக்காத. சொன்னா அழுவா. சாமி மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: அப்பாவிடம் "பேசிக்கிறேன்" என்றால், இன்னும் பேசவில்லை என்றுதானே அர்த்தம்? அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் விடவே மாட்டார். விமான நிலையத்தில் அவளை இடுப்பிலிருந்து இறக்க மனம் வராதவர் அல்லவா! அன்றைக்கே எழுதினேன். "அன்புள்ள அப்பா, தங்கச்சியை இங்கேயே விட்டுவிட்டு வரப் போகிறார்கள். நீங்கள் உடனே தந்தி அடித்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்கு எதுவும் தெரியாது." பக்கத்து வீட்டு அம்மாள்தான் தபாலில் போட்டார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. முத்திரையை ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினார்.

அதற்குப் பிறகு நான் தந்திக்காகக் காத்திருந்தேன். கதவு மணி அடித்தால் நான்தான் முதலில் ஓடுவேன். பால்காரர் வந்தார். பெரியப்பாவின் சிநேகிதர் வந்தார். தந்தி வரவில்லை. நாளை வரும், நாளை வரும் என்று தங்கையோடு பனியில் விளையாடினேன். அவள் பனியை நம் ஊர்த் துருவல் ஐஸ் மாதிரி அள்ளி, "ஐஸ் கச்சாங்" என்று தின்றாள். அப்பா எப்படியும் நிறுத்திவிடுவார் என்ற தைரியத்தில் அந்த நாட்களை நான் சிரித்துக்கொண்டேதான் கழித்தேன். பிள்ளைக்குத் தகப்பன்மேல் இருக்கிற நம்பிக்கையைப் போல முட்டாள்தனம் வேறு கிடையாது.

கிளம்பும் நாள் வந்தது. நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம், நினைத்துப் பாருங்கள். அம்மா பாசாருக்குப் போக வேண்டும், பிள்ளை அழும் என்றால், பிள்ளைக்கு வேடிக்கை காட்டிவிட்டுப் பின் கதவு வழியாக நழுவிவிடுவார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கண்ணில் படாமல் கிளம்புவதுதான் பிள்ளைமேல் பாசம். நான் என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்தேன். நீங்களும் செய்திருப்பீர்கள். அம்மா அதே வித்தையை ஹாலந்தில் செய்தாள். அன்று காலை தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அப்பம் சாப்பிட அனுப்பிவிட்டார்கள். அங்கே தட்டு அகலத்துக்கு அப்பம் சுட்டு, மேலே மாவுச் சீனியைத் தூவிக் கொடுப்பார்கள். "அக்கா வரலியா?" என்று வாசலில் நின்று கேட்டாள். "பின்னால வரேன், நீ போ" என்று சொன்னது நான்.

பெரியப்பா காரை எடுத்தார். பெரியம்மா வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார். ஆனால் அந்தத் தெருவுக்கு வேறு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டிலிருந்து விருந்தாளி கிளம்பினாலும், கார் முனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று கை காட்ட வேண்டும். காட்டாமல் அனுப்புவது அவர்களுக்கு அவமரியாதை. அம்மா தங்கையிடம் விடைபெற்றிருப்பாள் என்றுதான் பக்கத்து வீட்டு அம்மாள் நினைத்திருக்கிறார். வேறு எப்படி நினைப்பார்? கார் சத்தம் கேட்டதும் தங்கையைத் தூக்கி ஜன்னல் திண்டில் நிற்க வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தானும் கை காட்டினார்.

"திரும்பிப் பாக்காத" என்றாள் அம்மா.

நான் பார்த்தேன். திரையில்லாத பெரிய ஜன்னல். தங்கையின் வாயைச் சுற்றி வெள்ளையாகச் சீனி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டு. பாசாருக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். நானும் கை காட்டினேன். என்ன செய்வதென்று தெரியாமல், சிரித்துக்கொண்டே காட்டினேன். கார் முனை திரும்பியது. பெரியப்பாவின் கழுத்து சிவந்திருந்தது.

சிங்கப்பூரில் அப்பா காத்திருந்தார். வெயில் முகத்தில் அறைந்தது. அவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், "சின்னவ எங்க?" என்று கேட்பார், அம்மா பதில் சொல்லத் திணறுவாள், அப்பா கத்துவார் என்று விமானம் முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார். காரில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். மூன்று பொட்டலம்.

ஜொகூர்ப் பாலத்தில் கார்கள் நின்று நின்று நகர்ந்தன. அம்மா தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என் லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கையெழுத்து நல்லா முன்னேறியிருக்கு. தந்திங்கிறதுக்குச் சரியான 'ந்' போட்டு, அழகா எழுதியிருந்த."

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தங்கையின் சின்னத் தட்டு இல்லை, கவுன் இல்லை, சுவரோரம் நிற்கிற மூன்று சக்கர சைக்கிளும் இல்லை. நாங்கள் அங்கே பச்சை மீன் தின்றுகொண்டிருந்த நாட்களில் அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாள் டிரைவரின் மகன் அந்தச் சைக்கிளை ஆபீஸ் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். பிடுங்கப் போனேன். அப்பா வந்து என் கையைப் பிரித்து விட்டார். "ஒரு தடவை குடுத்தத திரும்பக் கேக்கக் கூடாது" என்றார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு அவர் சாகும்வரை முழுதாகப் போகவில்லை. போய்விட்டதாக நடித்தேன், நன்றாகவே நடித்தேன். என் சாக்லேட் எழுத்தை அந்த வாரமே எறும்பு தின்றது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்த வயதில் எனக்கு அது புரிகிறது. கொடுத்த வாக்கு, பெற்ற பிள்ளை, இரண்டில் எதைக் காப்பது என்று தெரியாமல் வாக்கைக் காப்பாற்றினார்கள். தங்கை நன்றாகத்தான் வளர்ந்தாள். பெரியம்மாவை அம்மா என்றாள். ஒரு வருடம் கழித்து வந்த கடிதத்தில் அம்மாவுக்கு "அன்புள்ள சித்தி" என்று எழுதியிருந்தாள். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் புரிவது வேறு, ஆறுவது வேறு. என்னிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கேட்காமலேயே என் வாயால் அவளைப் பழக்கினார்கள். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வருடம் தங்கை வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பெரியப்பா பெரியம்மாவும் போய், எங்கள் அப்பா அம்மாவும் போய், பெரியவர்கள் என்று யாரும் மிச்சமில்லை. ஜொகூர் பாருவில் என் வீட்டில் பத்து நாள் தங்கினாள். அவள் தமிழ் இன்னும் கூலாய்த் தமிழ்தான், அதுவும் ஐந்து வயதுப் பிள்ளையின் தமிழ். "அலமாக்" என்று அவள் ஐயோவுக்குப் பதில் மலாயில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மத்தியானம், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் அவளிடம் கொட்டினேன். எனக்குத் தெரியாமல் என்னை வைத்தே நடத்தியது. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது. அம்மாவோடு சண்டை போட்டது. அப்பாவுக்குக் கடிதம் எழுதியது. தந்திக்காக வாசலுக்கு ஓடியது. உன்னைக் காப்பாற்ற நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா என்கிற மாதிரிதான் சொன்னேன், மறைப்பானேன்? அவள் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

"பன்னெண்டு நாளா?"

"ஆமா."

"அந்தப் பன்னெண்டு நாளும் நாம ஒரே கட்டில்லதானே படுத்திருந்தோம்?"

"ஆமா."

"அம்மாகிட்ட கேட்ட. அந்த ஆன்ட்டிகிட்ட பேசுன. அப்பாவுக்கு எழுதுன. ஏன் அக்கா, என்கிட்ட மட்டும் சொல்லல?"

"நீ சின்னப் பிள்ளை லா. சொன்னா அழுவ" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்குக் காதில் விழுந்தது. அவள் தட்டிலிருந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கோபமாகத் தெரியவில்லை.

"அழுதிருப்பேன்தான்" என்றாள். "ஆனா தெரிஞ்சிருந்தா, நான் கை காட்டியிருக்க மாட்டேன், அக்கா."